ராகி தந்தவர் யார்?

தகடூர் அதியமானைப் பாடவந்த ஔவையார், அவன் முன்னோர் பெருமையை அடுக்கும்போது ஒரு விவசாயச் செய்தியையும் சேர்த்துச் சொல்கிறார். கிடைத்தற்கரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் என்கிறது புறநானூற்றின் 99ஆம் பாட்டு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. இன்று பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு தந்தவர்கள் பாட்டில் இருக்கிறார்கள். ஒரு பயிரை ஊருக்குத் தந்தவரை நினைவில் வைத்துக்கொள்வது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

ஆனால் மாரண்டஹள்ளிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வயிற்றை நிரப்பியது ராகி. அதைத் தந்தவர் யார் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. பஞ்சப்பள்ளி சாலையோரம் கதிர் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். "அது எங்க முப்பாட்டன் காலத்துலேருந்தே இருக்குதுங்க சாமி" என்றார். எல்லோரும் சொல்லும் பதில் அதுதான். முப்பாட்டனுக்கு முன்னால் என்ன என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி. தேடிப்போனால் அது எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் சூடானிலும் மாலியிலும் கொண்டுபோய் விடுகிறது. ஆப்பிரிக்க மக்களின் வரலாறு என்றால் அடிமைக் கப்பல், பஞ்சம், உள்நாட்டுப் போர் என்று மட்டும் பாடம் கேட்டவர்கள் நாம். அந்த வரலாற்றின் மிகப் பழைய அத்தியாயம் ஒன்று நம் தட்டில் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கொல்லையைப் பார்த்துவிடலாம். மானாவாரி நிலம். ஆடி, ஆவணியில் விதைத்த ராகி கார்த்திகையில் அறுப்புக்கு வரும். பழைய முறைப்படி விதைத்த கொல்லையில் ராகி மட்டும் இருக்காது. சில சால் ராகிக்கு ஒரு சால் அவரை வரும். நடுநடுவே ஆமணக்கு நிற்கும். ஓரத்தில் பேயெள்ளு மஞ்சளாகப் பூத்திருக்கும். கன்னடத்துக்காரர்கள் அதை உச்செள்ளு என்பார்கள், பைத்தியக்கார எள் என்று பொருள். கொஞ்சம் காராமணி, கொஞ்சம் சோளம். இந்த ஊடுசாலுக்குக் கன்னடத்தில் அக்கடி என்று பெயர். மழை பொய்த்து ராகி சுருண்டாலும், மார்கழிப் பனியில் அவரை காய்த்து வீட்டைக் காப்பாற்றும். ராகிக் கதிர் விரல்களைப் பாதி மடக்கிய கை மாதிரி இருக்கும். தாளோடு அறுத்துப் போர் போட்டு, காய்ந்தபின் களத்தில் பரப்பி உருளைக்கல் ஓட்டுவது அந்தக் காலம். இப்போது தார்ச்சாலையில் பரப்பிவிடுகிறார்கள். பஸ்ஸும் டெம்போவும் ஏறி ஏறித் தானியத்தை உதிர்த்துக் கொடுத்துவிடுகின்றன. பைக்கில் வருகிறவர்தான் சறுக்காமல் போக வேண்டும்.

இந்த ஒரு கொல்லைக்கு ஊர்ப்பெயர் எழுதிப் பாருங்கள். ராகியின் காட்டு மூதாதை வளர்வது எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வழியாகத் தெற்கே இறங்கும் மேட்டுநிலங்களில். பேயெள்ளு எத்தியோப்பிய உழவர்கள் ஆக்கிய பயிர். அங்கே அதன் பெயர் நூக், இன்றும் அவர்களுடைய முதன்மையான எண்ணெய்வித்துகளில் ஒன்று. ஆமணக்கு வடகிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. அவரையின் காட்டு வகை கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் படர்கிறது. காராமணியும் ஆப்பிரிக்காவில் பிறந்ததுதான். சோளம் சூடான் பக்கத்துப் பயிர். துவரை, கொள்ளு, சாமை, எள் ஆகியவை இந்தியாவில் பிறந்தவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் கொல்லையில் பாதிக்கு மேல் கடல் கடந்து வந்தது. வரப்பில் நிற்கும் புளியமரமும் அப்படியே.

புளி விஷயத்தில் உலகமே ஏமாந்திருக்கிறது. அரபு வணிகர்கள் அதை 'தமர் ஹிந்தி' என்றார்கள், இந்தியப் பேரீச்சை என்று பொருள். அதிலிருந்து ஐரோப்பியப் பெயர் பிறந்தது. லின்னேயஸ் தாவரப் பெயரிலும் 'இண்டிகா' என்று முத்திரை குத்திவிட்டார். மரமோ வெப்ப மண்டல ஆப்பிரிக்காவுக்குச் சொந்தம். அதற்காக நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். கங்கைச் சமவெளியில் நர்ஹான் அகழாய்வில் கி.மு. 1300 அளவிலான புளியங்கட்டைக் கரி கிடைத்திருக்கிறது. புளிமரம் என்ற சொல் எப்படிப் புணரும் என்று தொல்காப்பியம் தனி விதியே வைத்திருக்கிறது. வந்தேறி ஒருவர் இலக்கணத்தில் இடம் பிடித்துவிட்டால் அப்புறம் யார் அவரை வெளியூர்க்காரர் என்பது?

ராகியின் கதை இவ்வளவு எளிதாகத் தீரவில்லை. அதன் பிறப்பிடம் பற்றி ஏறக்குறைய நூறு ஆண்டு சண்டை நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பயிர்களின் பிறப்பிடம் பற்றி எழுதிய சுவிஸ் அறிஞர் அல்போன்ஸ் த கந்தோல், ராகி இந்தியாவுடையது என்ற பக்கம் சாய்ந்தார். நம் வயல்களில் களையாக மண்டிக் கிடக்கும் ஒரு புல் ராகியைப் போலவே கதிர் விடும். அதுதான் மூதாதை என்று பலர் நம்பினார்கள். 1927இல் எத்தியோப்பியாவைச் சுற்றிவந்த ரஷ்ய அறிஞர் வவிலோவ் ராகியை அபிசீனியப் பயிர்களோடு சேர்த்தார். (தானிய வகைகளைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்த அந்த மனிதர் 1943இல் சோவியத் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார்.) கடைசியில் வழக்கைத் தீர்த்தது குரோமோசோம் கணக்கு. நம் களைப்புல்லுக்கு 18, ராகிக்கு 36. அதே 36 உள்ள காட்டு வகை ஒன்று உண்டு. அது இயல்பாக வளர்வது ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில். அந்த வகையும் ராகியும் தடையின்றிக் கலந்து விதை கட்டுகின்றன. 1970களுக்குப் பிறகு பிறப்பிடம் பற்றி யாரும் பெரிதாக வாதாடவில்லை.

எப்போது வந்தது என்ற வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. குஜராத்தில் ரோஜ்டி என்ற ஹரப்பா கால ஊரில் கி.மு. 2500 அளவிலேயே ராகி இருந்தது என்று ஸ்டீவன் வெபர் எழுதினார். பிறகு லண்டனைச் சேர்ந்த தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லர் இந்தியாவில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஆப்பிரிக்கத் தானியங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்து, 2003இல் ஒரு விரிவான மறுஆய்வு வெளியிட்டார். ராகி என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை தினை, குதிரைவாலி வகையைச் சேர்ந்த சிறுதானியங்கள், உமியோடு கரிந்ததால் அடையாளம் மாறிவிட்டது என்பது அவர் முடிவு. கர்நாடகத்து ஹல்லூரில் கிடைத்த ராகியை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். அதன் காலம் கி.மு. 1000க்குப் பக்கத்தில் வருகிறது. கம்பு, சோளம், அவரை, காராமணி ஆகியவை அதற்கும் முன்னதாக, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டிலேயே இங்கே வந்துவிட்டன. பல்லாரிப் பக்கம் சங்கனகல்லுவில் சாம்பல்மேடுகளை விட்டுச்சென்ற மாடு மேய்த்த மக்கள் அவரை தின்றிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ராகி பிறந்த மண்ணில் கிடைத்த சான்று இன்னும் இளையது. எத்தியோப்பியாவில் அக்சூம் நகருக்குப் பக்கத்துக் கோபெத்ரா பாறைக்குகையில் கிடைத்த ராகியை முதலில் ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்றார்கள். தானியத்தையே நேரடியாகக் காலக்கணிப்பு செய்தபோது சுமார் ஆயிரம் ஆண்டுதான் வந்தது. பிள்ளையின் வயது தாயின் வயதைத் தாண்டி நிற்கிறது. இதற்குக் காரணம் ஆப்பிரிக்க மண்ணில் தோண்டிய குழிகள் குறைவு என்பதுதான். எகிப்துக்குத் தெற்கே தானியம் தேடிச் சலித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

ஏன் தேடவில்லை? இங்கேதான் பயிர் வரலாறு அரசியல் ஆகிறது. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்று ஹெகல் பாடம் நடத்தினார். 1963இல்கூட, அங்கே இருப்பது ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே, மிச்சமெல்லாம் இருட்டு என்ற பொருளில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ட்ரெவர் ரோப்பர் பேசினார். இல்லாத வரலாற்றைத் தோண்ட யார் பணம் தருவார்கள்? அடுத்த ஆண்டே யுனெஸ்கோ ஆப்பிரிக்கப் பொது வரலாற்றை எழுத முடிவெடுத்தது. புர்க்கினா ஃபாசோவின் ஜோசப் கி-செர்போ போன்ற ஆப்பிரிக்க அறிஞர்களே முன்னின்று எழுதிய எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. வாய்மொழி மரபைச் சான்றாகக் கொள்வது எப்படி என்று யான் வன்சினா வழி காட்டினார். சொற்களைத் தோண்டினார் கிறிஸ்டோஃபர் எஹ்ரெட். விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள மொழிகளில் தானியம், விதைப்பு, மாடு ஆகியவற்றுக்கான சொற்களை ஒப்பிட்டு, மேற்கிலிருந்து கிழங்குப் பயிரோடு பரவிவந்த பாண்டு மொழிக்காரர்கள் தானிய வேளாண்மையை அங்கே முன்பே இருந்த சூடானிய, குஷிட்டிய மொழி பேசுவோரிடம் கற்றார்கள் என்று அவர் வாதிடுகிறார். கல்வெட்டு இல்லாத இடத்தில் சொல்லே கல்வெட்டு. தமிழ் படித்தவருக்கு இதில் வியப்பு இருக்காது.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் நம் வீட்டுச் சொல்லையும் பார்க்கலாம். சங்கப் பாடல்களில் தினையும் வரகும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவரை கொடியோடு பூக்கிறது. கேழ்வரகு என்ற பெயரை அங்கே காணோம். கேழ் என்றால் நிறம். 'நிறமுள்ள வரகு' என்று ஏற்கெனவே தெரிந்த தானியத்தின் பெயரை வைத்துப் புதிய தானியத்துக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அமெரிக்கப் பயிர் வந்தபோது மக்காச்சோளம் என்றோம், எத்தியோப்பிய எண்ணெய்வித்து வந்தபோது பேயெள்ளு என்றோம். அதே கை வழக்கம். தாவரவியல் பெயரில் உள்ள 'கொரக்கானா'கூட சிங்களத்துக் 'குரக்கன்' என்ற சொல்லிலிருந்து எடுத்தது. இப்படி ஆப்பிரிக்கப் பெயர் எதுவும் ஒட்டிக்கொள்ளாமல் ராகி உலகப் பட்டியலில் ஏறிவிட்டது.

ஆப்பிரிக்க உழவைப் பற்றிய இன்னொரு தவறான எண்ணம், அது ஏதோ ஓரிடத்தில் ஒருமுறை தோன்றியது என்பது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஜேக் ஹார்லன் 1971இல் இதை உடைத்தார். அங்கே ஒற்றை மையம் கிடையாது, கண்டத்தின் குறுக்கே பரந்த புல்வெளி முழுக்க வெவ்வேறு மக்கள் வெவ்வேறு பயிரை ஆக்கினார்கள் என்றார். பின்வந்த அகழாய்வுகள் அவர் பக்கம்தான் நிற்கின்றன. கிழக்கு சூடானில் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுப் பானை ஓடுகளில் பதிந்த சோளத் தவிடு 2017இல் அறிவிக்கப்பட்டது. காட்டுச் சோளம் வீட்டுச் சோளமாக மாறிக்கொண்டிருந்த கட்டத்தை அந்தத் தவிடு காட்டுகிறது. சகாராவின் தெற்கு விளிம்பில், மாலி நாட்டின் திலெம்சிப் பள்ளத்தாக்கில், கி.மு. 2500 அளவில் கம்பு. கானாவில் கிந்தம்போ மக்கள் காராமணி. நைஜர் ஆற்று வளைவில் தனி நெல். காட்டோரத்தில் வள்ளிக்கிழங்கு. எத்தியோப்பியாவில் தெஃப், என்செத், காப்பி. சகாரா காய்ந்துகொண்டே வந்த காலம் அது. மழை தெற்கே நகர நகர, மாடுகளோடு நகர்ந்த மக்கள் குறைந்த மழையில் விளையும் புல் விதைகளைப் பொறுக்கி, விதைத்து, மறுபடி பொறுக்கி, பயிராக்கினார்கள். தருமபுரி போன்ற மழைமறைவு நாட்டில் அந்தப் பயிர்கள் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுவே. காய்ந்த நிலத்தின் கேள்விக்கு அவர்கள் கண்ட விடையை நாம் பெயர் கேட்காமல் வாங்கிக்கொண்டோம்.

விடை விதையோடு நிற்கவில்லை. மாவை என்ன செய்வது என்பதிலும் ஒற்றுமை வியக்க வைக்கிறது. மாரண்டஹள்ளி வீட்டில் களி கிண்டுவதைப் பாருங்கள். உலை கொதிக்கும், கொஞ்சம் நொய் வெந்ததும் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, மூடி, மாவு வெந்த வாசம் வந்தபின் துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டுவார்கள். கை நனைத்து உருட்டினால் உருண்டை. பக்கத்தில் கீரைக் கடைசலோ அவரைக் குழம்போ கருவாட்டுக் குழம்போ. விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், சிரிப்பார்கள்.

ஜாம்பியாவின் பெம்பா மக்களிடையே 1930களில் வாழ்ந்த மானுடவியலாளர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ், 1939இல் வெளியிட்ட நூலில் விவரிப்பது ஏறக்குறைய இதே காட்சி. கொதிநீரில் ராகி மாவைக் கிண்டிச் செய்யும் உப்வாலி. கையால் உருட்டி, தொடுகறியில் தோய்த்து உண்பது. வயிறு நிறைய வேறு எதைத் தின்றாலும், உப்வாலி இல்லாத நாளில் சாப்பிடவில்லை என்றே பெம்பாக்காரர் சொல்வார் என்று அவர் எழுதுகிறார். "களி தின்னாத்தான் தின்ன மாதிரி" என்று தருமபுரிப் பெரியவர்கள் சொல்வது நினைவுக்கு வரும். பெம்பாவின் உழவு முறைக்குச் சித்தெமெனே என்று பெயர். பெரிய பரப்பில் மரக்கிளைகளை மட்டும் வெட்டிக் குறுகிய இடத்தில் குவித்து எரித்து, அந்தச் சாம்பலில் ராகி விதைப்பார்கள். காட்டை அழிக்கிறார்கள் என்று காலனி அதிகாரிகள் தடுத்தார்கள். நம் மலைகளில் புனக்காடு எரித்தவர்களைப் பற்றியும் வெள்ளைக்கார வனத்துறை இதையேதான் எழுதிவைத்தது.

ஒற்றுமையை மட்டும் பேசினால் பாதிக்கதை. ஆப்பிரிக்காவில் ராகிக்குச் சோற்றைவிடப் பெரிய வேலைகள் உண்டு. உகாண்டாவின் தேசோ மக்கள் ராகியை முளைகட்டிப் புளிக்கவைத்து அஜோன் என்ற கள் செய்வார்கள். ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நீண்ட குழாயால் உறிஞ்சுவது வழக்கம். பானை நடுவில் இருக்கும்வரை ஊர்ப்பேச்சும் வழக்குத் தீர்ப்பும் நடக்கும். மேற்கு உகாண்டாவில் விருந்தாளிக்கு ராகிக் கலோவை நெய்த கூடையில் வைத்துக் கொடுப்பார்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் முன்னோரை அழைக்கும் பிரா சடங்குக்கு ராகிக் கள் வேண்டும். அது இல்லாமல் ஆவி இறங்காது. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் அன்றாடச் சோற்றில் ராகியைத் தள்ளிவிட்ட ஊர்களிலும் சடங்கில் மட்டும் தள்ள முடியவில்லை. இங்கே நாம் ராகியைக் கூழாக்கி மாரியம்மனுக்கு ஊற்றுகிறோம். முளைகட்டிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். கள்ளாக்கும் வித்தையை மட்டும் கொண்டுவரவில்லை, அல்லது கொண்டுவந்து மறந்துவிட்டோம்.

சரி, எப்படி வந்தது? கப்பற்படையோ பேரரசோ கொண்டுவரவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. ஃபுல்லரும் நிக்கோல் பாய்வினும் சேர்ந்து எழுதியவற்றில், அரபிக் கடலோரம் சிறு படகில் மீன்பிடித்தும் பண்டமாற்றியும் திரிந்தவர்களே முதல் தூதர்கள் என்கிறார்கள். அரபுக் கரையை ஒட்டியே வந்திருக்க வேண்டும். பருவக்காற்றைப் பிடித்து நடுக்கடலைக் கடப்பது பின்னால் வந்த திறமை. போக்குவரத்து இருபுறமும் நடந்தது. இங்கிருந்து திமில் மாடு போயிற்று. கி.மு. 1213இல் இறந்த எகிப்திய அரசன் இரண்டாம் ராம்செசின் மூக்கில் மிளகு இருந்தது. மிளகு அன்று நம் மேற்குத்தொடர்ச்சி மலையில்தான் விளைந்தது. அதற்கும் ஆயிரம் ஆண்டுக்குப் பின்தான் பெரிய கப்பல் வணிகம் வருகிறது. செங்கடலோரம் பெரனிகேயில் இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. குசைர் அல் காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. அந்தத் துறைமுகங்கள் இருப்பது ஆப்பிரிக்க மண்ணில். நாம் அவற்றைப் பேசும்போது ரோமாபுரி வணிகம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எத்தியோப்பியாவின் தெப்ரே தாமோ மடத்தில் குஷாணர் பொற்காசுகள் நூற்றுக்கு மேல் கிடைத்ததையும் அக்சூம் என்ற வல்லரசையும் பள்ளிப் பாடம் தொடுவதில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்கப் பயிர்கள் அடிமைக் கப்பலில் போயின. கரோலினாவின் நெல் வயல்களில் மேற்கு ஆப்பிரிக்கரின் அறிவு இருந்ததை ஜூடித் கார்னி 2001இல் நூலாகவே எழுதினார். நமக்கு வந்த பயிர்கள் சங்கிலி இல்லாத காலத்தில் வந்தவை. ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது அதற்கு ஈராயிரம் ஆண்டுக்கும் பின்னால். எத்தியோப்பியாவில் பிறந்து, சந்தை சந்தையாக விற்கப்பட்டு, அகமதுநகர் அரசைத் தாங்கி முகலாயரைத் திணறடித்து, 1626இல் மறைந்த மாலிக் அம்பர் அவர்களில் பெரும்பெயர். பின்னாளில் ஔரங்காபாத் ஆன கட்கி நகருக்குத் தண்ணீர்க் கால்வாய் வெட்டியவர் அவர். சாதாரண ஆட்களின் வழிவந்தவர்கள் குஜராத்திலும், வட கன்னடத்து எல்லாப்பூர், ஹளியாள் காடுகளிலும் சித்தி என்ற பெயரோடு வாழ்கிறார்கள். நம் காதுக்குச் சின்னம்மா போல ஒலிக்கும் பெயர். 2003இல்தான் வட கன்னடத்துச் சித்திகளுக்குப் பழங்குடித் தகுதி கிடைத்தது. இலங்கையில் புத்தளம் சிரம்பியடியில் மிஞ்சிய சில குடும்பங்கள் மாஞ்சா என்ற பாட்டைப் பாடுகின்றன. அவர்களுக்குத் தமிழ் வைத்த பெயர் காப்பிரி, காப்பிலி. அரபு மொழியில் நம்பாதவனைக் குறிக்கும் வசவுச் சொல்லிலிருந்து வந்தது; இன்றைக்கு எழுதத் தகாத பெயர்.

எதிர்த்திசையில் நம்மவர் போனதும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஏற்றிய கூலிகளோடு டர்பன் துறையில் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கதை அது. அங்கே சுலு மக்களோடு தமிழர்கள் நூறு ஆண்டுக்கு மேல் பக்கத்து வரிசையில் வாழ்ந்தார்கள். 1947இல் மாண்டி நாயக்கர், யூசுஃப் தாதூ, ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் சுமா ஆகிய மூன்று டாக்டர்கள் கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். 1949இல் டர்பன் கலவரமும் நடந்தது. உறவும் உரசலும் கலந்த அந்தக் கணக்கு தனிக்கட்டுரை கேட்கும்.

நமக்கு ஏன் இதெல்லாம் மறந்துபோயிற்று? ராகியையே கீழே வைத்தோம், அதைத் தந்தவரை மேலே வைப்போமா? 'கம்பி எண்ணி களி தின்பது' என்றால் சிறைவாசம். விருந்தாளி வந்தால் அரிசிச் சோறு. களி கிண்டியிருந்தால் பானையை மறைத்து வைத்த வீடுகள் உண்டு. சேலம் ஜில்லாவைச் சூறையாடிய 1876–78 பஞ்சத்தில், பூச்சி அரிக்காமல் குழியில் கிடந்த ராகி இருந்த வீடு பிழைத்தது. பஞ்சம் போனதும் மானம் வந்துவிட்டது. இந்தச் சண்டையை முதலில் இலக்கியமாக்கியவர் கனகதாசர். 16ஆம் நூற்றாண்டில் அவர் கன்னடத்தில் எழுதிய 'ராமதான்ய சரித்ரெ'யில் நெல்லும் ராகியும் யார் உயர்ந்தவர் என்று ராமன் முன் வழக்காடுகின்றன. ராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் போடுகிறான். நெல் வாடுகிறது, ராகி தாக்குப்பிடிக்கிறது. தீர்ப்பு ராகிக்கு, ராகவன் பெயரால் அதற்குப் பெயரும் கிடைக்கிறது. சாதிக் கணக்கைத் தானியக் கணக்கில் வைத்துத் தீர்த்த துணிச்சலான நூல் அது. ஆனாலும் பாருங்கள், ராகி உயர வேண்டுமானால் அதற்கு ராமன் பெயர் தேவைப்பட்டது. பிறந்த ஊர் அப்போதே தொலைந்துவிட்டது.

மாரண்டஹள்ளியிலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அதே பெங்களூரில் 2016 ஜனவரியில் தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் அடித்தது. வேறு யாரோ செய்த விபத்துக்கு நிறத்தைப் பார்த்து ஆளைப் பிடித்தார்கள். தான்சானியாவில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் கஞ்சிகளில் ஒன்று 'ஊஜி வா உலேசி'. உலேசி என்றால் சுவாகிலியில் ராகி. அடித்தவர்களில் எத்தனை பேர் அன்று காலை ராகிமுத்தெ தின்றுவிட்டு வந்தார்களோ.

இதற்கு எதிரான கதை ஒன்று அதே கர்நாடகத்தில் உண்டு. மண்டியாவில் வேலை பார்த்த பயிர் வல்லுநர் சி.எச். லட்சுமணய்யா, இந்திய ராகியோடு ஆப்பிரிக்க ராகியைக் கலப்பு செய்தார். பூ மிகச் சிறிது. கையால் கலப்பு செய்வது கண்ணைக் கெடுக்கும் வேலை. ஆப்பிரிக்க வகைக்குக் கெட்டியான தண்டும் கனத்த கதிரும் குலைநோயைத் தாங்கும் வலுவும் இருந்தன. 1970களிலிருந்து வந்த அந்த ரகங்களுக்கு அவர் வைத்த பெயர் இண்டாஃப். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். இண்டாஃப் 5, இண்டாஃப் 7, இண்டாஃப் 9 என்று வரிசையாக வந்தன. பிறகு வந்து பரவலாகப் பயிரான ஜி.பி.யு. 28 ரகத்தின் தாய் தகப்பனில் ஒன்று இண்டாஃப் 5. மூவாயிரம் ஆண்டுக்குப் பின் பங்காளிகள் மறுபடி கலந்தார்கள், விளைச்சல் கூடியது. ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023இல், தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. அந்தச் சாக்கு மூட்டையில் பாதி ஆப்பிரிக்கா என்று யாரும் மேடையில் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். மாரண்டஹள்ளிக்கு அதிக தூரமில்லாத திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. புதிய கற்கால மக்களின் கொள்ளும் பாசிப்பயறும் ராகியும் கரிந்து கிடைத்ததாகக் குறிப்பு உண்டு. அந்த ராகி உண்மையில் ராகிதானா, எந்த நூற்றாண்டுத் தானியம் என்பதை இன்றைய நுண்ணோக்கியிலும் காலக்கணிப்பிலும் வைத்துத் தீர்க்க முடியும். ஒரு மணி போதும். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தோம், பெருமைப்பட்டோம். அந்த இரும்பை அடித்தவன் என்ன தின்றான் என்றும் பார்க்க வேண்டும். இனி இந்த மாவட்டங்களில் தோண்டும் ஒவ்வொரு குழியிலும் மண்ணை நீரில் கரைத்து மிதக்கும் கரித்துகளைச் சல்லடையில் பிடித்து வையுங்கள். கரும்பு தந்தவரை ஔவையார் எழுதிவிட்டார். ராகி தந்தவரை எழுத வேண்டியவர்கள் தொல்லியல் துறையினர்.